ஃபில்டர் மாத்தினால் ரிசீவர் திருந்துமோ? 40 மீற்றர் இரைச்சலும் ஐசி-718உம்

ஒக்டோபர் 4, இரவு 8.50 – கேள்வி, கோப்பாயிலிருந்து

ஐகொம் ஐசி-718 அமெச்சூர் வானொலிச் செற் வைச்சிருக்கிறன். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு 7 மெகாஹேர்ட்ஸில, அதான் 40 மீற்றர் பாண்டில, ஒண்டும் விளங்குதில்லை, சிக்னல் வலுவைக் காட்டுற எஸ் மீற்றர் 7இல நிக்குது. பாவிச்ச 500 ஹேர்ட்ஸ் ஃபில்டர், எஃப்எல்-52ஏ, ஒண்டு கிடைக்குது. அதைப் போட்டால் இரைச்சல் குறையுமோ? இல்லாட்டி 1.8 கிலோஹேர்ட்ஸ் எஃப்எல்-222 நல்லதோ? செற்றில ஒரு ஃபில்டருக்குத்தான் இடம், ரெண்டும் போடேலாது. கூடுதலாக் கதைக்கிறது எஸ்எஸ்பியில, ஒரு பக்கப்பட்டையில குரல் அனுப்பிற முறை. மோர்ஸ் இப்பதான் பழகிறன்.

ஒக்டோபர் 4, இரவு 10.20 – பதில் (ஊர்ப் பேர் இல்லாத பதிவுகள் எல்லாம் இந்த அண்ணையினது)

தம்பி, காசைக் குடுக்க முதல் தொல்லை எது எண்டு பிடிக்கவேணும். ஃபில்டர் வெட்டுறது பக்கத்தில் நிக்கிற சிக்னலை. நீங்கள் கேக்கிற அலைவரிசைக்கு மேலேயே வந்து படுத்திருக்கிற இரைச்சலை எந்த ஃபில்டரும் வெட்டாது, கொஞ்சம் ஒடுக்கும். மூண்டாவது வகை ஒண்டும் இருக்கு: எங்கேயோ தள்ளி இருக்கிற பெரிய ஒலிபரப்புச் சிக்னல் உள்ளே வந்து முதல் மிக்சரை, அதாவது சிக்னலின் அலைவரிசையை மாத்துற பகுதியை, குழப்பிறது. அதுக்கு ஐஎஃப் ஃபில்டர் (மிக்சருக்குப் பின்னால், இடை அலைவரிசையில் நிக்கிறது; நீங்கள் கேட்ட ரெண்டும் அதுதான்) போட்டு வேலையில்லை, அன்ரெனாப் பக்கம் வைக்கவேணும்.

மூண்டையும் பிரிச்சறிய ஒரு பின்னேரம் போதும்.

அன்ரெனா வயரைக் கழட்டுங்கோ. மீற்றர் 7இலிருந்து பூச்சியத்துக்கு விழுந்தால் இரைச்சல் வெளியிலிருந்து வருது, செற்றில் பிழையில்லை. பிறகு திரும்பக் கொழுவி, செற்றைப் பற்றறியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ. அடப்ரர், ரவுட்டர், எல்இடி லைற் எல்லாம் செத்த பிறகு மீற்றர் எவ்வளவு இறங்குது எண்டு எழுதி வையுங்கோ. கறண்ட் வெட்டு வந்தால் இன்னும் நல்லது, ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில் நிண்டுவிடும்.

மூண்டாவது, உள்ளே வாற சிக்னலைக் குறைக்கிற அற்றெனுவேற்றர். 718இல் 20 டெசிபெல் இருக்கு. தொல்லை குடுக்கிற சத்தம் உண்மையான சிக்னல் எண்டால் அது 20 டெசிபெல்தான் குறையும். செற்றுக்குள்ளேயே ரெண்டு பெரிய சிக்னல் கலந்து பிறந்த போலிச் சிக்னல் எண்டால், மூண்டாம் வரிசைக் கலப்பு 60 டெசிபெல் குறையும், அதாவது காணாமல் போகும். ஒரு பொத்தானை அமத்தினதும் நல்ல சிக்னல் தெளிஞ்சு குப்பை மறைஞ்சால் உங்கட மிக்சர் நிரம்பி வழியுது எண்டு அர்த்தம்.

இதைச் செய்து மூண்டு இலக்கத்தையும் இங்கே போடுங்கோ.

ஒக்டோபர் 5, காலை 6.40

இரவு எழுதினதுக்குக் கணக்கு.

அறை வெப்பநிலையில் ஒரு ஹேர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் −174 டிபிஎம் (ஒரு மில்லிவற்றை அடியாய் வைச்சு அளக்கிற டெசிபெல்). சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரை, குடிமனைப் பகுதியில் மனிதர் ஆக்கிற இரைச்சலுக்கு ஒரு சூத்திரம் தருது. 7 மெகாஹேர்ட்ஸை அதில் போட்டால் வெப்ப இரைச்சலுக்கு மேலே ஏறத்தாழ 49 டெசிபெல் வருது. 2.4 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கு 34 டெசிபெல் கூட்டுங்கோ. மொத்தம் −91 டிபிஎம். எஸ்9 எண்டது −73 டிபிஎம், ஒரு எஸ் படி 6 டெசிபெல். ஆக −91 எண்டது எஸ்6.

அதாவது வீடுகள் நெருக்கமாய் உள்ள இடத்தில் 40 மீற்றரில் எஸ்6 இரைச்சல் சாதாரணம். ரிசீவரின் சொந்த இரைச்சல் இதுக்குக் கனக்கக் கீழே. அதனால் இந்த பாண்டில் பிரீஅம்ப் (சிக்னலை முன்பக்கத்திலேயே பெருக்கிற பகுதி) போடுறது முழுப் பிழை. பிரீஅம்ப்பை நிப்பாட்டுங்கோ, தேவைப்பட்டால் அற்றெனுவேற்றரும் போடுங்கோ. ஒரு சிக்னலும் காணாமல் போகாது.

இரைச்சலின் வலு அகலத்தோடு நேராகக் கூடிக் குறையும். 2.4 கிலோஹேர்ட்ஸிலிருந்து 500 ஹேர்ட்ஸுக்குப் போனால் 6.8 டெசிபெல் குறைவு, மீற்றரில் ஒரு இலக்கம். 2.4இலிருந்து 1.8க்குப் போனால் 1.2 டெசிபெல். அதைக் காது பிடிக்காது. இரைச்சலைக் குறைக்கத்தான் எஃப்எல்-222 வாங்கிறதெண்டால் வேண்டாம்.

ஒக்டோபர் 5, காலை 7.05

மேலே சொன்ன 6.8 டெசிபெல்லை அப்படியே நம்பவேண்டாம். மோர்ஸில் தொனி ஒண்டுதான். காதும் மூளையும் சேர்ந்து அந்தத் தொனியைச் சுத்தி ஒரு ஒடுங்கின ஃபில்டர் மாதிரித் தாங்களே வேலை செய்யும். பழகின காதுக்கு 500 ஹேர்ட்ஸ் ஃபில்டர் தாற லாபம் கணக்கில் வாறதை விடக் குறைவு. ஆனால் களைப்புக் குறையும், நீண்ட நேரம் கேக்கலாம். பக்கத்து மோர்ஸ் நிலையம் 1 கிலோஹேர்ட்ஸ் தள்ளி அலறினால் அந்த நேரம்தான் இந்த ஃபில்டரின் முழு மதிப்பும் தெரியும்.

ஒக்டோபர் 5, மாலை 5.30 – பருத்தித்துறையிலிருந்து

அண்ணை, இரைச்சல் கணக்குச் சரி. ஆனால் இங்க தொல்லை இரைச்சல் மட்டுமில்லை. பின்னேரம் 7 மெகாஹேர்ட்ஸில் இந்தியப் பக்கம் எல்லாரும் ஒண்டாய்க் கதைக்கினம். சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 360 கிலோமீற்றர்தான். மேலே 7200இலிருந்து சிற்றலை ஒலிபரப்பு. 7195இல் ஆளைக் கேக்கப் போனால் ஒலிபரப்பின் பக்கப்பட்டை வந்து விழுது. இதுக்கு 1.8 உதவுமே?

ஒக்டோபர் 5, இரவு 9.10

உதவும். இது பக்கத்துச் சிக்னல், ஃபில்டருக்கு உரிய வேலை.

உலக வானொலிப் பிரிவில் எங்கட மூண்டாம் வலயத்தில் 2009 மார்ச்சிலிருந்து 7100–7200 அமெச்சூருக்கு வந்தது. ஒலிபரப்பு 7200இலிருந்து தொடங்கும். 7200இல் காவியலையும் 5 கிலோஹேர்ட்ஸ் ஒலியகலமும் உள்ள ஏஎம் நிலையம் 7195 வரைக்கும் கீழே பரவும். கீழ்ப் பக்கப்பட்டையில், அதாவது எல்எஸ்பியில், 7195இல் நிண்டால் நீங்கள் கேக்கிற துண்டு 7192.3 முதல் 7194.7 வரை. நல்ல சரிவுள்ள ஃபில்டர் எண்டால் 2.4 கிலோஹேர்ட்ஸே போதும்.

சரிவு எண்டது இதுதான்: −6 டெசிபெல்லில் அகலம் எவ்வளவு, −60இல் எவ்வளவு எண்ட விகிதம். எட்டுப் படிக நல்ல கிறிஸ்ரல் ஃபில்டரில் 1.8க்குக் கிட்ட வரும். மலிவான செராமிக்கில் 2, 2.5 எண்டு போகும். அப்படியெண்டால் 2.4 எண்டு பேர் போட்டிருந்தாலும் −60இல் அது 5, 6 கிலோஹேர்ட்ஸ் அகலம். யாஏசு கம்பனியின் எஃப்ரி-817 மாதிரிச் செற்றில் செராமிக்கைத் தாண்டி கொலின்ஸ் மெக்கானிக்கல் ஃபில்டர் போட்டவை வித்தியாசம் சொல்லுறது இதனால்தான். அகலத்தில் பெரிய மாற்றமில்லை, 2.3தான். ஓரம் செங்குத்தாய் நிக்கும்.

எதிராளியின் செற் பிளந்து அடிச்சால், அதாவது அவற்ற லீனியர் பெருக்கி நிரம்பி உங்கட அலைவரிசை வரைக்கும் தெறிச்சால், அது உங்கட துண்டுக்குள்ளேயே வாற சிக்னல். லட்ச ரூபாய் ஃபில்டருக்கும் அது அசையாது.

ஒக்டோபர் 6, மதியம் 1.15

ஐஎஃப் ஃபில்டரும் ரூஃபிங் ஃபில்டரும் ஒண்டெண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர். பிரிச்சு எழுதிறன்.

ரூஃபிங் எண்டது முதல் மிக்சருக்கு உடனே பின்னால் நிக்கிறது. அதுக்குப் பிறகு வாற அம்ப், ரெண்டாம் மிக்சர், ஏடிசி (சிக்னலை இலக்கமாக்கிற பகுதி) எல்லாத்துக்கும் அது கூரை. ஐசி-718இல் முதல் ஐஎஃப் 64.455 மெகாஹேர்ட்ஸ். அவ்வளவு உயரத்தில் ஒடுக்கமான படிகம் செய்யிறது கஷ்டம், அதனால் கூரை அகலமாய்த்தான் இருக்கும். நீங்கள் வாங்கப் போற எஃப்எல்-52ஏ போறது 455 கிலோஹேர்ட்ஸ் ரெண்டாம் ஐஎஃப்பில்.

உதாரணம்: 7052, 7054 ரெண்டிலும் பெரிய சிக்னல். நீங்கள் 7050இல். ரெண்டு தரம் 7052 கழி 7054 = 7050. அகலக் கூரை ரெண்டையும் உள்ளே விடும், ரெண்டாம் மிக்சரில் கலந்து 7050இல் போலி பிறக்கும். பிறந்த பிறகு 455இல் எவ்வளவு ஒடுக்கினாலும் அது உங்கட துண்டுக்குள்ளே உக்காந்திருக்கும். பக்கத்துப் பெரிய சிக்னலைச் செற் எவ்வளவு தாங்கும் எண்ட இதைத்தான் 2 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி டைனமிக் ரேஞ்ச் எண்டு அளக்கிறது. ரொப் ஷேர்வூட் வெளியிடுகிற அளவைப் பட்டியல் இந்த இலக்கத்தின்படிதான் செற்றுகளை வரிசைப்படுத்துது. 1970களில் டிறேக் ஆர்-4சிக்கு 600 ஹேர்ட்ஸ் முதல் ஐஎஃப் ஃபில்டர் செய்து குடுத்ததும் அவர்தான். அந்த ரிசீவரில் தொழிற்சாலை போட்டது 8 கிலோஹேர்ட்ஸ் அகலம்.

பிறகு வந்த செற்றுகள் முதல் ஐஎஃப்பையே கீழே இறக்கிச்சினம். எலிக்ராஃப்ற் கே3இல் 8.215 மெகாஹேர்ட்ஸ். 2010இல் வந்த கென்வூட் ரிஎஸ்-590எஸ், 160, 80, 40, 20, 15 மீற்றர் பாண்டுகளில் ஒடுங்கின அகலத்துக்கு 11.374 மெகாஹேர்ட்ஸ் பாவிக்கும். அந்த உயரத்தில் 500 ஹேர்ட்ஸ் கூரை போடலாம்.

ஒக்டோபர் 6, மதியம் 1.50

ஆனால் கூரை ஒடுங்க ஒடுங்க நல்லதெண்டு நினைக்காதேங்கோ. நொய்ஸ் பிளாங்கர் ஒண்டு இருக்கெல்லோ, அது கூர்மையான துடிப்பை அடையாளம் கண்டு அந்தக் கணம் மட்டும் வாயை மூடும். 15 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் துடிப்பு 0.07 மில்லிசெக்கனில் முடியும். 500 ஹேர்ட்ஸில் 2 மில்லிசெக்கனுக்கு இழுபடும். இழுபட்ட துடிப்பு சிக்னலோடு ஒட்டிப்போகும், பிளாங்கருக்குப் பிடிபடாது. வயர்த்தூண் பொறியும் மோட்டர்சைக்கிள் பிளக்கும் தொல்லை தாற வீட்டில் அகலக் கூரையும் நல்ல பிளாங்கரும்தான் கூடுதலாக உதவும்.

ஒக்டோபர் 9, இரவு 8.00 – கோப்பாயிலிருந்து

செய்து பாத்தன் அண்ணை. அன்ரெனா கழட்டினால் பூச்சியம். எல்லாம் ஓடேக்க எஸ்7. மெயின் சுவிச்சை நிப்பாட்டினால் எஸ்4. அற்றெனுவேற்றர் போட்டால் எல்லாம் ஒரே அளவில இறங்குது, ஒண்டும் மறையேல்லை.

ஒக்டோபர் 9, இரவு 9.25

அப்ப விடை வந்திட்டுது. மூண்டு எஸ் படி, 18 டெசிபெல், உங்கட வீட்டுக்குள்ளேயே இருக்கு. 500 ஹேர்ட்ஸ் ஃபில்டர் தாறது 6.8. ஃபில்டருக்கு வைச்ச காசைப் பொக்கற்றில் வையுங்கோ.

எது எண்டு கண்டுபிடிக்கிற முறை: செற் பற்றறியில், மெயின் திரும்பப் போட்டு, சேர்க்கிட் பிரேக்கர்களை ஒவ்வொண்டாய் இறக்குங்கோ. மீற்றர் விழுற பிரேக்கரில் உள்ள சாமான்களை ஒவ்வொண்டாய்ப் பிளக்கிலிருந்து இழுங்கோ. சுவிச்சில் நிப்பாட்டினால் காணாது, பிளக்கை இழுக்கவேணும். சில அடப்ரர் சுமையில்லாமலே கூடக் கத்தும்.

சத்தத்தையும் கேளுங்கோ. 100 ஹேர்ட்ஸ் கரகரப்பு, ரியூன் பண்ண எல்லா இடமும் ஒரே மாதிரி எண்டால் எல்இடி டிரைவரோ வயர்த்தூண் பொறியோ. 60, 70, 100 கிலோஹேர்ட்ஸுக்கு ஒருக்கால் ஒரு கூன் மாதிரி எழும்பி, மெல்ல அங்கால இஞ்சால நகர்ந்தால் சுவிச் மோட் அடப்ரர். பகலில் மட்டும் வந்து வெயில் சாய நிண்டால் சோலர் இன்வேர்ட்டர். உங்கட தொல்லை இரவில் எண்டபடியால் அது இல்லை.

வெளியே தேட, பற்றறியில் ஓடுற சின்ன ஏஎம் றேடியோ போதும். நிலையமில்லாத இடத்தில் வைச்சு, உள்ளே உள்ள ஃபெரைற் கம்பு சுழலச் செற்றைத் திருப்புங்கோ. சத்தம் ஆகக் குறையிற திசையில் கம்பின் முனை இரைச்சல் வாற பக்கத்தைக் காட்டும். முன்பக்கமோ பின்பக்கமோ எண்டு அது சொல்லாது, ரெண்டு இடத்தில் நிண்டு பாக்கவேணும்.

ஒக்டோபர் 10, காலை 6.15

கடற்கரைப் பக்க ஆக்களுக்கு ஒரு வரி. மாரிக்கு முதல் கனநாள் மழையில்லாட்டி மின்கம்ப இன்சுலேற்றரில் உப்புப் படியும். பனி ஈரத்தில் அது கசிஞ்சு கரகரக்கும். ஒரு பெருமழை கழுவின பிறகு இரைச்சல் விழுந்தால் காரணம் அதுதான், மின்சாரசபைக்குக் கம்ப இலக்கத்தோடு முறைப்பாடு எழுதலாம். மழையில் நிண்டு காய்ஞ்சதும் திரும்ப வந்தால் இளகின ஆணி, கிளாம்ப்.

ஒக்டோபர் 12, இரவு 7.45 – கோப்பாயிலிருந்து

ரவுட்டரின்ர அடப்ரரும் படிக்கிற மேசை எல்இடி லைற்றும் அண்ணை. ரெண்டையும் இழுத்தால் எஸ்5. ரவுட்டரை நிப்பாட்ட வீட்டில விடமாட்டினம்.

ஒக்டோபர் 12, இரவு 8.30

ரவுட்டரை நிப்பாட்டத் தேவையில்லை. 12 வோல்ற் ரவுட்டர் எண்டால் பழைய இரும்பு ட்ரான்ஸ்போமர் அடப்ரரும் 7812 ரெகுலேற்றரும் போட்டால் முடிஞ்சுது. ரெகுலேற்றருக்கு உள்ளே வாற வோல்ற் சுமையில் 15க்குக் குறையக்கூடாது. 1 அம்பியர் இழுத்தால் 3 வோல்ற் வித்தியாசத்துக்கு 3 வற்ஸ் சூடு, அலுமினியத் துண்டு ஒண்டில் முறுக்கி வையுங்கோ. லைற்றை மாத்துங்கோ, வேற வழி பாக்காதேங்கோ.

அதோடு அன்ரெனா கேபிளின் வெளிப்பக்கத்தால் வீட்டு இரைச்சல் ஏறி அன்ரெனாவுக்குப் போய்த் திரும்ப உள்ளே வரும். அதை நிப்பாட்ட, டைபோலின் (ரெண்டு கால் வயர் அன்ரெனா) நடுவில் ஒரு சோக், அந்த ஓட்டத்தைத் தடுக்கிற சுருள். எஃப்ரி240-43 ஃபெரைற் வளையத்தில் ஆர்ஜி-58 பன்னிரண்டு சுத்து. வளையம் கிடைக்காட்டி பழைய சிஆர்ரி ரிவியின் டிஃப்ளெக்ஷன் யோக்கிலிருந்து ஃபெரைற்றை எடுத்துச் சுத்தலாம். அதன் கலவை என்னெண்டு தெரியாது, அதனால் போட முதலும் பிறகும் மீற்றரை எழுதிப் பாக்கவேணும். செற்றடியில் ரெண்டாவது ஒண்டு போட்டால் இன்னும் நல்லது. பனை ரெண்டுக்கு நடுவில் கட்டின டைபோலில் கேபிள் நேரே கீழே இறங்கட்டும். ஒரு காலோடு சமாந்தரமாய் ஓடினால் சோக் போட்டும் அரைவாசிப் பலன்தான்.

ஒக்டோபர் 15, இரவு 9.40 – சாவகச்சேரியிலிருந்து

இழையைத் திருப்பிறன், மன்னிக்கவேணும். என்னட்ட இருக்கிறது மைக்ரோபிட்எக்ஸ். இரவில 160 மீற்றர் பாண்டைக் கேட்டால் ரெண்டு வானொலி ஒண்டாய்க் கலந்து பாட்டும் பிரசங்கமுமாய் வருது. படிக ஃபில்டரைத் திருப்பிச் செய்தால் போகுமோ?

ஒக்டோபர் 15, இரவு 10.30

போகாது. நான் முதல் நாள் மூண்டாவது எண்டு சொன்ன வகை இதுதான், அச்சொட்டாய்.

பிட்எக்ஸ் வரிசையை அஷ்ஹர் ஃபர்ஹான் 2003இலிருந்து வெளியிட்டு வாறார். மலிவாய், எவரும் கட்டக்கூடியதாய் இருக்கவேணும் எண்டது நோக்கம். மைக்ரோபிட்எக்ஸில் முன்பக்கம் 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாத்தையும் விடுற லோ பாஸ் உண்டு, ஒரு பாண்டை மட்டும் விடுற பாண்ட் பாஸ் இல்லை. அதாவது மத்திய அலை முழுக்கத் தடையில்லாமல் மிக்சருக்குப் போகும்.

இப்ப எங்கட இடத்தைப் பாருங்கோ. திருச்சி வானொலி 936, தூத்துக்குடி 1053, புத்தளம் 882. மூண்டும் 250 கிலோமீற்றருக்குள். திருச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் எங்களுக்குப் பெரும்பங்கு கடல். உப்புத் தண்ணீருக்கு மேலால மத்திய அலை மெலியாமல் வரும். 882 + 936 = 1818. 882 + 1053 = 1935. 936 + 1053 = 1989. மூண்டும் 160 மீற்றருக்குள். ரெண்டாம் வரிசைக் கலப்பு. 10 டெசிபெல் அற்றெனுவேற்றர் போட்டால் 20 குறையும். நீங்கள் கேக்கிற இடம் 1818ஓ எண்டு பாருங்கோ.

ஒக்டோபர் 16, காலை 6.50

மத்திய அலையை வெட்டி மேலே உள்ளதை மட்டும் விடுற ஹை பாஸ் ஃபில்டர் இது. 80 மீற்றரும் அதுக்கு மேலும் மட்டும் தேவையெண்டால் 3 மெகாஹேர்ட்ஸ் வெட்டு, ஐந்து உறுப்பு, 50 ஓம், 0.1 டெசிபெல் நெளிவு:

தொடரில் 920 பிகோஃபரட் (820உம் 100உம் சமாந்தரமாய்), அங்கிருந்து நிலத்துக்கு 1.94 மைக்ரோஹென்றி, தொடரில் 538 (470உம் 68உம்), நிலத்துக்குத் திரும்ப 1.94, தொடரில் 920. கொயில் ரெண்டும் ரி50-2 சிவப்பு வளையத்தில் 20 சுத்து. கெப்பாசிற்றர் சி0ஜி (சூட்டுக்கு மதிப்பு ஓடாத செராமிக்) அல்லது சில்வர் மைக்கா. சாதாரண மஞ்சள் வட்டச் செராமிக் வேண்டாம், சூட்டுக்கு மதிப்பு ஓடும், வோல்றுக்கும் ஓடும், அதுவே கலப்பை உண்டாக்கும்.

கணக்கில் 1053இல் 52 டெசிபெல், 936இல் 57, 882இல் 60 வெட்டும். கையால் கட்டினால் கொயில் ரெண்டும் ஒண்டையொண்டு பாத்து 10 டெசிபெல் குறையலாம். ஒண்டை நிமிர்த்தி ஒண்டைப் படுக்கவைச்சு, நடுவில் தகரத் துண்டு ஒண்டை நிலத்தோடு ஒட்டுங்கோ.

160 மீற்றரே வேணுமெண்டால் இது சரிவராது, அந்தப் பாண்டையும் சேர்த்து வெட்டும். வெட்டை 1.75க்கு இறக்கவேணும். எல்லா உறுப்பையும் 1.71ஆல் பெருக்குங்கோ. ஆனால் 1053இல் வெட்டு ஏறத்தாழ 25 டெசிபெல்தான் வரும், அதுக்கு ஏழு உறுப்பு வேணும்.

ஒக்டோபர் 16, மாலை 6.10

காலை எழுதினதில் முக்கியமான ஒண்டை விட்டிட்டன். இது அன்ரெனாவுக்கும் செற்றுக்கும் நடுவில் நிக்கிறதால் ட்ரான்ஸ்மிற்றும் இதாலதான் போகும். மைக்ரோபிட்எக்ஸின் 10 வற்ஸுக்கு ரி50-2 தாங்கும். கோப்பாய்த் தம்பி 718இன் 100 வற்ஸை இதால அனுப்பவேண்டாம். 50 ஓமில் 100 வற்ஸ் எண்டது 1.4 அம்பியர், உச்சம் 100 வோல்ற், அன்ரெனா பொருந்தாட்டி ரெண்டும் கூடும். அதுக்கு ரி106-2இல் 12 சுத்து, 500 வோல்ற் சில்வர் மைக்கா. உங்கட 718க்கு இது தேவையுமில்லை, அதுக்குள்ள பாண்ட் பாஸ் இருக்கு.

ஒக்டோபர் 20, இரவு 8.20

சாவகச்சேரியிலிருந்து படிக ஃபில்டரைக் கையால் செய்யிறது பற்றித் தனியாய்க் கேட்டவை. இங்கேயே எழுதிறன், எல்லாருக்கும் உதவும்.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 12 மெகாஹேர்ட்ஸ் படிகம் ஒரே பெட்டியிலிருந்து 25, 30 வாங்குங்கோ. உயரமான எச்சி49 கூடு கிடைச்சால் அதை எடுங்கோ, குட்டைக் கூட்டில் இழப்புக் கூட. ஒரு ட்ரான்சிஸ்ரர் ஒசிலேற்றரில் ஒவ்வொண்டாய்ச் சொருகி ஃபிறீக்குவன்சி கவுண்டரில் கடைசி 10 ஹேர்ட்ஸ் வரைக்கும் எழுதுங்கோ. கையால் தொட்ட சூட்டுக்கே பத்து, இருபது ஹேர்ட்ஸ் ஓடும். ஒருநிமிஷம் விட்டு வாசியுங்கோ, இல்லாட்டி நீங்கள் அளக்கிறது விரலின் சூடு.

எஸ்எஸ்பிக்கு நாலு, ஆறு படிகமும் 100 ஹேர்ட்ஸ் இடைவெளிக்குள் இருக்கவேணும். படிகத்தின் இயக்கக் கொள்ளளவு அறிய ஒசிலேற்றரில் தொடராய் 33 பிகோஃபரட் சேர்த்து எடுத்து, எவ்வளவு நகருது எண்டு பாருங்கோ. 33ஓடு கூட்டின் 4 பிகோஃபரட்டையும் கூட்டி, ரெண்டால் பெருக்கி, நகர்வைப் பெருக்கி, அலைவரிசையால் பிரிச்சால் அதுதான். 0.015 பிகோஃபரட் வந்தால் 2.4 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கு இடைக் கெப்பாசிற்றர் 100, 110 அளவில் வரும். கெப்பாசிற்றர் கூடினால் அகலம் ஒடுங்கும், உள்வெளி ஓமும் இறங்கும். ரெண்டு பக்கமும் பொருத்தம் பிழைச்சால் மேல் தட்டை பனம்பாத்தி மாதிரி மேடுபள்ளமாய் வரும். மோர்ஸுக்கு 500 ஹேர்ட்ஸ் வேணுமெண்டால் 470, 560 போடுங்கோ.

ஒக்டோபர் 21, காலை 6.30

கடைசி வரியை வெட்டுங்கோ. கணக்குப்படி அகலம் வரும், ஃபில்டர் வராது. படிகத்தின் கியூ (இழப்பு எவ்வளவு குறைவு எண்டு காட்டிற இலக்கம்) 70,000 எண்டு வைச்சால், 12 மெகாஹேர்ட்ஸில் 500 ஹேர்ட்ஸுக்கு 70,000 × 500 ÷ 12,000,000 = 2.9. இந்த இலக்கம் பத்துக்குக் கிட்ட இருக்கவேணும். 3இல் ஃபில்டர் சிக்னலை விழுங்கும், ஓரம் மொட்டையாகும். 2.4 கிலோஹேர்ட்ஸுக்கு அதே படிகம் 14 தரும், அதனால்தான் எஸ்எஸ்பியில் அழகாய் வேலை செய்யுது. மோர்ஸுக்கு 4.9152 மெகாஹேர்ட்ஸ் படிகம் எடுத்தால் 7 வரும், சமாளிக்கலாம். பொருத்தம் 25 ஹேர்ட்ஸுக்குள்.

ஆனால் மைக்ரோபிட்எக்ஸின் ரெண்டாம் ஐஎஃப் 4.9 இல்லையே. ஆகவே அதில் மோர்ஸுக்கு ஓடியோ ஃபில்டர்தான் நடைமுறை. ஐஎஃப் ஃபில்டரை எஸ்எஸ்பி அகலத்திலேயே விடுங்கோ. ட்ரான்ஸ்மிற்றும் அதே ஃபில்டராலதான் போகுது எண்டதையும் மறக்கவேண்டாம், 1.8க்கு ஒடுக்கினால் உங்கட குரலும் ஒடுங்கும். ஃபில்டர் மாத்தினால் பிஎஃப்ஓவையும் (குரலைத் திரும்ப எடுக்கச் சேர்க்கிற ஒசிலேற்றர்) திரும்ப வைக்கவேணும், ஓரத்தில் 20 டெசிபெல் கீழே இறங்கின இடத்தில். அதை விட்டால் குரல் ஒண்டில் தகரம் மாதிரி, இல்லாட்டிக் குடத்துக்குள்ள கதைக்கிற மாதிரி.

ஒக்டோபர் 21, மாலை 5.20 – பருத்தித்துறையிலிருந்து

ஓடியோ ஃபில்டர் காணுமெண்டால் 718க்கும் அதுவே காணாதே அண்ணை? ஃபோனில ஒரு அப் போட்டால் 200 ஹேர்ட்ஸுக்கு ஒடுக்கலாம்.

ஒக்டோபர் 21, இரவு 8.45

நல்ல கேள்வி, இதில்தான் ஐஎஃப் ஃபில்டருக்கு உண்மையான நியாயம் இருக்கு. ஏஜிசி, அதாவது சத்தத்தைத் தானாய்ச் சமப்படுத்திற சுத்து, ஐஎஃப் ஃபில்டருக்குப் பின்னால் சிக்னலை அளந்து செற்றின் கெயினை இறக்குது. ஓடியோ ஃபில்டர் அந்தச் சுத்துக்கு வெளியே. 1 கிலோஹேர்ட்ஸ் தள்ளி ஒரு பெரிய மோர்ஸ் நிலையம் அடிச்சால், ஓடியோ ஃபில்டர் அவரை உங்கட காதுக்கு மறைக்கும், ஏஜிசிக்கு மறைக்காது. அவர் ஒவ்வொரு கோடு அடிக்கேக்கயும் நீங்கள் கேக்கிற மெல்லிய சிக்னல் அமிழும், விட எழும்பும். கேக்கிற ஆளுக்குக் காரணமே தெரியாமல் சிக்னல் மூச்சு வாங்கும். ஐஎஃப்பில் 500 போட்டால் அது நிக்கும்.

மைக்ரோபிட்எக்ஸில் ஏஜிசி இல்லாததால் அந்தப் பிரச்சினை இல்லை, ஓடியோ ஃபில்டர் காணும் எண்டதன் அர்த்தம் அது. 718இல் ஃபில்டர் இல்லாமல் சமாளிக்க, ஏஜிசியை வேகத்தில் வைச்சு ஆர்எஃப் கெயினைக் கையால் இறக்கிக் கேளுங்கோ.

ஒக்டோபர் 22, காலை 7.00

கணினியால் மெல்லிய சிக்னலை வாசிக்கிற எஃப்ரி8 ஆக்களுக்கு: ஒடுங்கின ஃபில்டர் உங்களுக்கில்லை. 7074இல் 3 கிலோஹேர்ட்ஸ் துண்டு முழுக்க மென்பொருள் ஒண்டாய்ப் பிரிச்சு வாசிக்குது. ஒடுக்கினால் ஆக்களை இழப்பியள்.

ஐசி-7300 மாதிரி நேரே அன்ரெனாவிலிருந்து மாதிரியெடுக்கிற செற்றில் மாத்த ஃபில்டரே கிடையாது. முன்பக்கப் பாண்ட் பாஸ்களும் மிச்சமெல்லாம் மென்பொருளும்தான். அதில் ஏடிசி நிரம்பினால் திரையில் ஓவிஎஃப் எண்டு எரியும். எரிஞ்சால் பிரீஅம்ப்பை நிப்பாட்டி ஆர்எஃப் கெயினை இறக்கிறதே மருந்து.

நவம்பர் 3, இரவு 8.10 – கோப்பாயிலிருந்து

அடப்ரர் மாத்தி, சோக் ரெண்டும் போட்டு இப்ப எஸ்4. எஸ்எஸ்பி வடிவாக் கேக்குது. எஃப்எல்-52ஏ வைச்சிருக்கிறவர் இன்னும் விக்கேல்லையாம். மோர்ஸில கிழமைக்கு நாலு நாள் கேக்கிறன்.

நவம்பர் 3, இரவு 9.30

இப்ப வாங்குங்கோ. எஸ்4 அடித்தளத்தில் அந்த ஃபில்டர் தன்ர வேலையைச் செய்யும். 1.8ஐ விட்டிட்டு 500ஐ எடுக்கிறது சரி. எஸ்எஸ்பியில் 1.8 போட்டால் ச, ஸ, ஷ ஓசைகளின் மேல்பாதி வெட்டுப்படும். பேர் சொல்லேக்க திரும்பத் திரும்பக் கேக்கவேண்டி வரும்.

வாங்கேக்க பின்களைப் பாருங்கோ. உப்புக் காத்தில் கிடந்தது எண்டால் பச்சை, கறுப்புப் படிஞ்சிருக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் துடையுங்கோ, உரஞ்சித் தாள் வேண்டாம், பூச்சுப் போகும். போடேக்க டிசி வயரைக் கழட்டி, மூடியைத் தூக்கேக்க ஸ்பீக்கர் வயர் இழுபடாமல் பிளக்கை எடுங்கோ. பின்கள் நேரே நிக்குதோ எண்டு பார்த்து சமமாய் அமத்துங்கோ. பிறகு தொடக்க செற் மெனுவில் எந்த ஃபில்டர் போட்டது எண்டு தெரிவுசெய்யவேணும். அதை விட்டால் செற்றுக்குத் தெரியாது, ஃபில்டர் பழுது எண்டு நினைச்சுத் திருப்பிக் குடுக்கிறவை இதில்தான் பிழைக்கினம்.

இன்னொண்டு மோர்ஸ் தொனி. உங்கட பிச் 700 எண்டு வைச்சிட்டு 500 ஹேர்ட்ஸ் தொனியில் கேட்டுப் பழகியிருந்தால், சிக்னல் ஃபில்டரின் ஓரத்தில் நிக்கும், மெலிஞ்ச மாதிரித் தெரியும். செற்றின் பக்கத்தொனியும் எதிராளியின் தொனியும் ஒண்டாக வாற மாதிரி ரியூன் பண்ணுங்கோ, அப்ப நடுவில் நிப்பியள்.

சரியாய்ப் பூந்திட்டுதோ எண்டு அறிய, அன்ரெனா இரைச்சலை விட்டு ஹெட்ஃபோன் ஓடியோவைக் கணினி வோட்டர்ஃபோலில் (எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் எண்டு காட்டிற படம்) பாருங்கோ. 700ஐ நடுவாய் வைச்சு 450 முதல் 950 வரை ஒரு பட்டை நிக்கவேணும்.

நவம்பர் 4, காலை 6.20

இடி தொடங்கிற காலம். இடியின் படபடப்பு எல்லா அகலத்திலும் வரும், 500இல் அது மணி அடிச்ச மாதிரி இழுபடும். இடி உள்ள இரவில் அகலத்தில் கேளுங்கோ. மின்னல் கிட்ட வந்தால் அன்ரெனா வயரைக் கழட்டி யன்னலுக்கு வெளியே விடுங்கோ.

நவம்பர் 4, மாலை 6.00

சாவகச்சேரி: ரி50-2இல் 20 சுத்து எண்டது வயர் ஓட்டையால் 20 தரம் போறது. வெளியே நிக்கிற வளையத்தை எண்ணினால் ஒண்டு பிழைக்கும். 0.5 மில்லிமீற்றர் எனாமல் வயர் ஒரு கொயிலுக்கு 40 சென்ரிமீற்றர் வெட்டுங்கோ. நுனி எனாமலைச் சுரண்டி ஈயம் பிடிக்குதோ எண்டு பார்த்த பிறகே போர்டில் வையுங்கோ.